குழியில் விழுந்தவளை மீட்பது யார்?

சாரை சாரையாகப் போகும் எறும்புகளில் ஒன்றை விரலால் லேசாக அழுத்திப் பிடித்துப் பார்க்காத குழந்தை உண்டா? வரிசை கலையும். நாலைந்து எறும்புகள் விரலைச் சுற்றிச் சுற்றி ஓடும். ஒன்றிரண்டு கடித்தும் வைக்கும். கூட்டாளியைக் காப்பாற்றத்தான் வந்திருக்கின்றன என்பதில் குழந்தைக்குச் சந்தேகமே இராது. வளர்ந்த பிறகுதான் சந்தேகம் எட்டிப்பார்க்கிறது. சில லட்சம் நரம்புச் செல்களை வைத்துக்கொண்டு காலம் தள்ளும் பிராணிக்கு, "இவள் மாட்டிக்கொண்டாள், விடுவிக்க வேண்டும்" என்றெல்லாம் தெரியுமா? பயத்தில் தாறுமாறாக ஓடுவதை நாம்தான் வீரம் என்று எடுத்துக்கொள்கிறோமா?

விண்வெளிப் படங்களில் அலுக்காமல் வரும் ஒரு கட்டம் இதற்குச் சொந்தம்தான். வேற்றுக்கிரகத்தார் ஒருவரைச் சிறைபிடித்துவிடுவார்கள். கலத்தின் அதிகாரி உத்தரவையும் மீறி அவரை மீட்கக் கிளம்புவார். ஒருவருக்காக மொத்தக் கலத்தையும் பணயம் வைப்பதா என்று யாராவது கேட்பார்கள். அதற்குள் அதிகாரி கதவைத் தாண்டியிருப்பார், நாமும் கைதட்டியிருப்போம். கேள்வி என்னவோ நியாயமான கேள்விதான். இந்த அத்தியாயம் அதற்குப் பதில் தேடுகிறது, விண்வெளியில் அல்ல, ஓட்டு வீட்டுத் தாழ்வாரத்தில்.

தாழ்வாரத்துப் பொறி

ஓசூர் வட்டாரத்துப் பாகலூரிலிருந்து பேரிகை போகும் வழியில், ரோஜாப் பசுமைக்குடில்களையும் பட்டறைகளையும் தாண்டிக் கொஞ்சம் உள்ளே போனால் பழைய வீடுகள் இன்னும் மிச்சம் இருக்கின்றன. சாரல் படாத தாழ்வார ஓரம், மாட்டுக்கொட்டகை மூலை, கோயில் மண்டபத்துப் படியடி என்று இங்கெல்லாம் பொடிமண் சேர்ந்து கிடக்கும். அதில் புனல் வடிவில் சின்னச் சின்னக் குழிகள் தெரிந்தால், ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு குழிநரி புதைந்திருக்கிறது என்று அர்த்தம். குழியானை என்றும் இதைச் சொல்வார்கள். ஈர்க்குச்சியால் குழியின் ஓரத்தை லேசாகக் கிளறினால், அடியிலிருந்து மண் துகள்கள் தெறிக்கும். இரை வந்துவிட்டது என்று அது நம்பிவிட்டது.

இது முழு வளர்ச்சி பெறாத ஒரு பூச்சி, அதாவது இளம்புழு. வளர்ந்து சிறகு முளைத்தால் தும்பியின் சாயலில் இரவில் தள்ளாடிப் பறக்கும். அதுவரை மாதக்கணக்கில், சில இடங்களில் இரண்டு மூன்று ஆண்டுகள்கூட, மண்ணுக்குள்தான் வாசம். குழி கட்டும் வகைகள் பின்பக்கமாக மட்டுமே நகரும். கத்தரிக்கோல் மாதிரி இரண்டு தாடைகள், உள்ளே குழல். அந்தக் குழல் வழியாக விஷத்தையும் செரிமான நீரையும் இரைக்குள் செலுத்தி, கரைந்து கூழானதை உறிஞ்சிக்கொள்ளும். கழிவு வெளியேற வழியே கிடையாது. புழுப் பருவம் முழுவதும் வயிற்றிலேயே சேர்த்து வைத்து, சிறகு முளைத்த பிறகுதான் கழிக்கும். ஹாலிவுட்டில் வேற்றுக்கிரகவாசிக்கு உருவம் கொடுப்பவர்கள் ஏன் இவ்வளவு சிரமப்படுகிறார்களோ தெரியவில்லை.

குழியின் தந்திரம் அதன் சரிவில் இருக்கிறது. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் எம்-சாண்ட் குவியலைப் பார்க்காதவர் இருக்க மாட்டார். லாரி கொட்டக் கொட்டக் குவியல் உயரும், ஆனால் அதன் பக்கச் சரிவு ஓரளவுக்கு மேல் செங்குத்தாகாது. அந்த அளவைத் தாண்டியதும் மேலே விழுந்தது சரசரவென்று கீழே இறங்கிவிடும். உலர்ந்த மணலுக்கு இந்த எல்லை சுமாராக 30 முதல் 35 பாகை. இதற்கு நிலைச்சாய்வு என்று பெயர் வைத்துக்கொள்வோம்: சரியாமல் நிற்கக்கூடிய அதிகபட்சச் சாய்வு. குழிநரி தன் சுவரை இந்த எல்லைக்கு ஒட்டினாற்போலக் கட்டுகிறது. எறும்பு ஒன்று காலை வைத்தாலே போதும், சமநிலை குலைந்து மண் சரியும். அவள் ஏறப் பார்ப்பாள். கீழே இருப்பது தலையால் மண்ணை வாரி மேலே வீசும், சரிவு மறுபடி இறங்கும். கடைசியில் தாடை அவள் காலையோ இடுப்பையோ பற்றிக்கொண்டு மண்ணுக்குள் இழுக்கும்.

"அவள்" என்று எழுதுவது அலங்காரத்துக்காக இல்லை. கூட்டுக்கு வெளியே நாம் பார்க்கும் வேலைக்கார எறும்புகள் எல்லாமே பெண்கள். பெரும்பாலும் அக்கா தங்கைகள்.

ஓடிவருவது வேறு, மீட்பது வேறு

எறும்பு எறும்பை மீட்கிறது என்ற செய்தி புதிதல்ல. தாமஸ் பெல்ட் என்ற ஆங்கிலேயர் நிகரகுவாவில் தங்கச் சுரங்கப் பொறியாளராக இருந்தவர். அவர் 1874இல் வெளியிட்ட புத்தகத்தில், படையாகப் போகும் எறும்புகளில் ஒன்றின் மேல் சிறு கல்லை வைத்த கதை வருகிறது. பின்னால் வந்த எறும்பு அதைக் கண்டதும் திரும்பி ஓடி, மற்றவர்களை அழைத்து வந்தது. கூட்டமாக வந்தவர்கள் கல்லைக் கடித்தும் கால்களைப் பிடித்து இழுத்தும் அவளை விடுவித்தார்கள். களிமண்ணில் புதைத்துப் பார்த்தபோதும் அதேதான் நடந்தது.

படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஆய்வகக்காரர்கள் இதோடு திருப்தியடைய முடியாது. மாட்டிக்கொண்ட எறும்பின் உடலிலிருந்து ஓர் அபாய வாசனை கிளம்புகிறது என்று வையுங்கள். அந்த வாசனை பட்டதும் எறும்புகள் பரபரத்து, எதிரில் இருப்பதையெல்லாம் கடித்து, தரையைப் பறிக்கும். அந்தக் களேபரத்தில் சிக்கியவள் விடுபட்டால் அது அதிர்ஷ்டம், மீட்பு ஆகாது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

ஆகவே இத்துறையில் இருப்பவர்கள் மீட்பு நடத்தை என்ற பெயரை எளிதில் கொடுப்பதில்லை. மாட்டிக்கொண்டவர் உண்மையிலேயே ஆபத்தில் இருக்க வேண்டும். உதவிக்குப் போகிறவரும் தன்னை ஆபத்துக்கு உட்படுத்திக்கொள்ள வேண்டும். உதவியால் அவருக்கு உடனடிக் கூலி எதுவும் கிடைக்கக்கூடாது. முக்கியமாக, அவர் செய்வது அந்த ஆபத்துக்குப் பொருந்துவதாக இருக்க வேண்டும், பலன் கிடைக்காமல் போனாலும் சரி. முதல் மூன்றையும் தாழ்வாரத்திலேயே பார்த்துவிடலாம். நாலாவதை எப்படிச் சோதிப்பது?

நைலான் நூல்

2009இல் பாரிஸ் 13 பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எலிஸ் நொபஹாரியும் அமெரிக்காவின் மவுண்ட் ஹோலியோக் கல்லூரியைச் சேர்ந்த கேரன் ஹோலிஸும் தங்கள் குழுவோடு இதற்கு ஒரு வழி கண்டார்கள். கத்தாகிளிஃபிஸ் கர்ஸர் என்ற எறும்பை எடுத்துக்கொண்டார்கள். மத்திய தரைக்கடல் ஓரத்து மணல் நிலங்களில் குழிநரிகளுக்கு நடுவே வாழும் வகை அது.

சோதனை இப்படி. ஓர் எறும்பை மெல்லிய நைலான் நூலால் ஒரு சிறு வடிதாள் துண்டோடு கட்டுகிறார்கள். மேலே மணலைத் தூவிப் பாதி உடலை மூடிவிடுகிறார்கள். தலையும் முன்பகுதியும் வெளியே தெரியும், நூல் தெரியாது. பிறகு அதே கூட்டைச் சேர்ந்த சில எறும்புகளை அருகே விடுகிறார்கள்.

இனி நடப்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். வந்தவர்கள் சிக்கியவளைச் சுற்றியுள்ள மணலைக் காலால் பறிக்கிறார்கள். அவள் காலைத் தாடையால் பிடித்து இழுத்துப் பார்க்கிறார்கள். வருவதில்லை. மறுபடி மணலைப் பறிக்கிறார்கள், துகள்களை வாயில் கவ்வி அப்பால் கொண்டுபோய்ப் போடுகிறார்கள். இழுப்பதும் பறிப்பதும் மாறி மாறி நடக்கின்றன. ஒரு கட்டத்தில் மணல் விலகி நூல் வெளியே தெரிகிறது. அவ்வளவுதான், இழுப்பதை விட்டுவிட்டு நூலைக் கடிக்கத் தொடங்குகிறார்கள். நூலை மட்டும். பக்கத்திலேயே வடிதாள் இருக்கிறது, அவள் உடம்பும் இருக்கிறது, கடி அவற்றின் மேல் விழுவதில்லை.

அபாய வாசனை கிளப்பிய வெறும் பரபரப்பு என்ற விளக்கம் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுகிறது. நைலானுக்குக் குழிநரி வாசனை கிடையாது. எறும்புக் குலம் கோடிக்கணக்கான ஆண்டுகளில் நைலானைச் சந்தித்ததும் இல்லை. "நூலைக் கண்டால் கடி" என்று பிறவியிலேயே எழுதி வைத்திருக்க வாய்ப்பில்லை. அவளைப் பிடித்துவைத்திருப்பது எது என்பதை அவை எப்படியோ கண்டுபிடித்து, அதன் மேல் வேலை செய்திருக்கின்றன.

"எப்படியோ" என்ற சொல் உறுத்தலாம். உறுத்தட்டும். இதைக் கருணை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எறும்பின் மனதுக்குள் புகுந்து பார்க்கும் கருவி எதுவும் இந்தச் சோதனையில் இல்லை, ஆய்வாளர்களும் அப்படிச் சொல்லிக்கொள்ளவில்லை. அதே சமயம், விசை தட்டினால் ஓடும் பொம்மை என்று ஒதுக்கவும் முடியாது. பொம்மை நூலைத் தேடாது.

சோதனையின் இன்னொரு பாதி இதைவிடச் சுவையானது. ஒவ்வொரு முறையும் நூலில் வேறு வேறு பிராணியைக் கட்டிப் பார்த்தார்கள். அதே இனத்தைச் சேர்ந்த, ஆனால் வேறு கூட்டு எறும்பு. வேறு இன எறும்பு. வழக்கமாக உண்ணும் இரை. சொந்தக் கூட்டைச் சேர்ந்தவளையே குளிரவைத்து மயக்கி, அசையாதபடி. எவளும் கட்டப்படாத வெறும் நூலும் உண்டு. மணல் பறித்து, காலை இழுத்து, நூலைக் கடிக்கும் முழு மீட்பு கிடைத்தது ஒரே ஒருத்திக்குத்தான்: சொந்தக் கூட்டைச் சேர்ந்த, அசைந்துகொண்டிருந்தவளுக்கு.

நம்மவள் என்று எப்படித் தெரியும்?

எறும்பின் மேல்தோலில் மெழுகு போன்ற ஒரு பூச்சு உண்டு. அதில் பலவகை நீர்க்கரிமச் சேர்மங்கள், கார்பனும் ஹைட்ரஜனும் மட்டும் சேர்ந்தவை, ஒரு குறிப்பிட்ட விகிதத்தில் கலந்திருக்கும். விகிதம் கூட்டுக்குக் கூடு மாறும். ஒருத்தியை ஒருத்தி நக்கியும் உணவு பகிர்ந்தும் ஒரு கூட்டில் எல்லோருக்கும் ஒரே வாசனை வந்துவிடுகிறது. உணர்கொம்பால் ஒரு தொடு தொட்டால் போதும், உள்ளூரா வெளியூரா என்று தெரிந்துவிடும்.

வாசனை பாதிதான். மயங்கிக் கிடந்தவளுக்கும் கூட்டு வாசனை இருந்தது, யாரும் வரவில்லை. கூப்பிட வேண்டும். துடிப்பதும், துடிக்கும்போது வெளியிடும் வேதிப்பொருளும்தான் அந்தக் கூப்பாடு.

எல்லா எறும்புகளும் இந்த வேலையில் தேர்ந்தவை அல்ல. பின்னர் நடந்த ஒப்பீட்டில், தானியம் பொறுக்கிச் சேர்க்கும் மெஸ்ஸர் வகை எறும்புகள் இவ்வளவு துல்லியமாக மீட்கவில்லை. ஒரே கூட்டுக்குள்ளும் வித்தியாசம் இருக்கிறது. வெளியே இரை தேடிப் போகிறவர்கள்தான் நன்றாக மீட்கிறார்கள். அவர்கள் சிக்கினால்தான் அதிக உதவியும் கிடைக்கிறது. குழியில் விழுபவர்களும் அவர்கள்தானே.

லாப நட்டம்

இப்போது கலத்தில் கேட்ட கேள்விக்கு வருவோம். மீட்கப் போனவளும் குழியில் விழுந்தால் கூட்டுக்கு நஷ்டம் இரண்டு. ஆபத்தைக் கண்டு ஒதுங்கிப் போனவள் தப்பிப்பாள். தலைமுறை தலைமுறையாக ஒதுங்குகிறவர்கள் மிஞ்சி, மீட்கிறவர்கள் அழிந்திருக்க வேண்டாமா?

டார்வினையே வருத்திய சிக்கல் இது. வேலைக்கார எறும்புக்குப் பெரும்பாலும் சந்ததியே கிடையாது. அப்படியிருக்க அவளுடைய தியாக குணம் அடுத்த தலைமுறைக்கு எப்படிப் போய்ச் சேரும்? வில்லியம் ஹாமில்டன் 1964இல் விடை கொடுத்தார். அக்காவின் உடலிலும் தங்கையின் உடலிலும் ஒரே மரபணுவின் பிரதிகள் இருக்க வாய்ப்புண்டு. ஆகையால் தங்கையைக் காப்பாற்றும் மரபணு, தங்கையின் உடலில் இருக்கும் தன்னையே காப்பாற்றிக்கொள்கிறது. உறவு எவ்வளவு நெருக்கம், உதவியால் எவ்வளவு லாபம், உதவுகிறவருக்கு எவ்வளவு நட்டம் என்ற மூன்றையும் சேர்த்துப் பார்த்து லாபம் மிஞ்சினால் அந்தக் குணம் பரவும். இதைச் சுற்றத் தேர்வு எனலாம்: சுற்றத்தாருக்கு உதவும் குணத்தை இயற்கை தேர்ந்தெடுப்பது. ஜே.பி.எஸ். ஹால்டேன் இதையே முன்னதாக வேடிக்கையாக, இரண்டு சகோதரர்களுக்காகவோ எட்டு ஒன்றுவிட்ட சகோதரர்களுக்காகவோ உயிரைக் கொடுப்பேன் என்று சொன்னதாக ஒரு கதை உண்டு. 1957இல் இந்தியாவுக்கே குடிவந்து, ஹாமில்டனின் கட்டுரைகள் வெளிவந்த அதே 1964இல் புவனேசுவரத்தில் காலமானவர் ஹால்டேன்.

எறும்பு, குளவி, தேனீக்களில் ஒரு விசேஷம் வேறு. ஆண் கருவுறாத முட்டையிலிருந்து பிறக்கிறது. அதனால் ஒரே தாய்க்கும் ஒரே தந்தைக்கும் பிறந்த சகோதரிகளுக்கு நம்மைவிட நெருக்கம் அதிகம்: நமக்குப் பாதி பொது என்றால் அவர்களுக்கு முக்கால். இது ஒன்றே எல்லாவற்றையும் விளக்கிவிடும் என்று சில காலம் பலர் நம்பினார்கள். அந்த நம்பிக்கையை அசைத்ததில் பாகலூருக்குப் பக்கத்து ஊருக்கும் பங்குண்டு. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ராகவேந்திர கடக்கர் பல பத்தாண்டுகளாக ரோபலிடியா மார்ஜினாட்டா என்ற குளவியை ஆராய்ந்தவர். நம் வீட்டு ஜன்னலிலும் சன்ஷேடிலும் கூடு கட்டும் குளவிதான். ராணி பல ஆண்களோடு சேர்கிறாள், ஒரு ராணி போய் இன்னொருத்தி வருகிறாள், ஆகவே கூட்டில் இருப்பவர்களின் நெருக்கம் முக்காலுக்கு வெகு கீழே இறங்கிவிடுகிறது என்று அவரும் அவர் மாணவர்களும் காட்டினார்கள். அப்படியும் அவை ஒருவருக்கொருவர் உழைக்கின்றன. உறவை மட்டும் பிடித்துக்கொண்டு தொங்காமல் லாபத்தையும் நட்டத்தையும் கணக்கில் எடு என்று அந்தக் குளவி சொல்லிற்று.

அந்தக் கணக்கைத் துல்லியமாகப் போட்டுக் காட்டியது ஆப்பிரிக்காவின் மட்டபெலே எறும்பு. கரையானை மட்டுமே தின்னும். சில நூறு பேர் படையாகப் போய்க் கரையான் கூட்டத்தைத் தாக்குவார்கள். கரையான் வீரர்கள் கால்களைத் துண்டிப்பார்கள். காயம்பட்டவர்களை மற்றவர்கள் கவ்விக் கூட்டுக்குத் தூக்கி வருகிறார்கள். ஐவரி கோஸ்ட்டின் கொமோயே தேசியப் பூங்காவில் எரிக் ஃபிராங்கின் குழு 2017இல் இதை வெளியிட்டது. காயம்பட்டவளைத் தனியாகத் திரும்ப விட்டால் மூன்றில் ஒரு பங்கு வழியிலேயே மடிந்தது. இந்த மீட்பு இருப்பதால் கூட்டின் எண்ணிக்கை ஏறத்தாழ 29 சதவீதம் கூடுதலாக நிற்கிறது என்பது அவர்கள் போட்ட கணக்கு. கூட்டுக்குள் கொண்டுவந்து காயத்தை நக்கிச் சுத்தம் செய்வதையும் அடுத்த ஆண்டு கண்டார்கள். அந்தச் சிகிச்சை இல்லாவிட்டால் ஒரு நாளுக்குள் 80 சதவீதம் இறந்தன, கிடைத்தால் 10 சதவீதம்தான்.

ஆக, அதிகாரி செய்தது நஷ்ட வியாபாரம் என்று முடிவுகட்ட முடியாது. தேர்ந்த வேலைக்காரியைத் திரும்பப் பெறுவது, புதிதாக ஒருத்தியை முட்டையிலிருந்து வளர்ப்பதைவிட மலிவு.

கூப்பிடாதவர்கள்

மட்டபெலே எறும்புகளில் ஓரிரு கால்களை இழந்தவள் மீட்பவர் தொட்டதும் மிச்சக் கால்களை ஒடுக்கிக்கொள்வாள், தூக்க வசதியாக. ஐந்து கால்களை இழந்தவளோ அடங்காமல் சுழன்று திமிறுகிறாள். தொட்டுப் பார்த்தவர்கள் விட்டுவிட்டுப் போகிறார்கள். யாரைத் தூக்குவது என்று முடிவு செய்வது மருத்துவர் அல்ல, நோயாளி.

போலந்தில் கிரிஸ்டோஃப் மைலர் 2016இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போகிறது. ஃபார்மிகா சினேரியா எறும்புகள் சிலவற்றைக் கரியமில வாயுவில் வைத்து அவற்றின் ஆயுளைக் குறைத்தார்கள். வெளிப்பார்வைக்கு அவை நன்றாகத்தான் இருந்தன. அவற்றைக் குழிநரியிடம் சிக்கவைத்தபோது, ஆரோக்கியமானவளுக்குக் கிடைத்த அளவு உதவி அவற்றுக்குக் கிடைக்கவில்லை. சீக்கிரம் சாகப் போகிறவள் உதவிக்குக் குரல் கொடுப்பதையே குறைத்துக்கொள்கிறாள் என்று அந்த ஆய்வு சொல்கிறது. சுற்றத் தேர்வின் கணக்கில் இது சரியாகப் பொருந்துகிறது. படிக்கும்போது வயிற்றைப் பிசைகிறது என்பது வேறு விஷயம்.

கரந்தைக்காரர்கள்

ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி வட்டாரம் முழுக்க நடுகற்கள். ஆநிரை கவர்ந்தவனை எதிர்த்துப் போய் மீட்டவனுக்கு, மீட்கும்போது மாண்டவனுக்கு, ஊரார் நட்டவை. கிருஷ்ணகிரி அருங்காட்சியகத்திலும் பார்க்கலாம். மீட்கப் போவதற்குக் கரந்தை என்று தனித் திணையே வைத்த இலக்கணம் நம்முடையது. அந்தக் கல்லில் நிற்பவன் மீட்டது தன் ஊர் மாட்டை. எறும்பும் அப்படித்தான்.

ஊர் எல்லை எங்கே முடிகிறது என்பதில் பாலூட்டிகள் கொஞ்சம் நெகிழ்கின்றன. சிகாகோவில் பெக்கி மேசனின் ஆய்வகத்தில் 2011இல், குழாய்க்குள் அடைபட்ட கூட்டாளி எலியை இன்னொரு எலி கதவு திறந்து விடுவித்தது. கூலி எதுவும் இல்லை. 2014இல் வேறு வகை எலியை அடைத்துப் பார்த்தார்கள், முன்பின் பழகாத வகையை அவை விடுவிக்கவில்லை. அந்த வகையைச் சேர்ந்த ஒன்றோடு கொஞ்ச நாள் ஒரே கூண்டில் குடியிருந்த பிறகு, அவ்வகையைச் சேர்ந்த முகமறியாத எலியையும் விடுவித்தன. இதில் பிறந்த உடம்பு பொருட்டில்லை. பிறந்ததிலிருந்து அந்நிய வகையோடு மட்டுமே வளர்க்கப்பட்ட எலி, தன் சொந்த வகையைக் கண்டுகொள்ளவில்லை.

பிடிப்பவனின் பக்கம்

குழிக்கே திரும்புவோம், சண்டை அங்கே முடியவில்லை. டெட்ராமோரியம் என்ற சிற்றெறும்பு வகை ஒன்று இழுப்பது, பறிப்பது எல்லாம் போதாது என்று குழிக்குள்ளேயே இறங்கிவிடுகிறது. குழிநரியையே நேராகத் தாக்குகிறது. நம் படத்து அதிகாரி கடைசிக் காட்சியில் செய்வதும் இதுதான்.

குழிநரியையும் குறைத்து மதிப்பிட வேண்டாம். நாள் முழுக்க அசையாமல் கிடக்கிற பிராணிக்குக் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது என்றுதான் நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். நைலான் நூல் கட்டிய அதே கேரன் ஹோலிஸ்தான் அதையும் சோதித்தார். சில குழிநரிகளுக்கு இரை விழுமுன் மண்ணில் ஒரு சிறு அதிர்வைக் கொடுத்தார். மற்றவற்றுக்கு அதே அதிர்வு, ஆனால் இரைக்குச் சம்பந்தமில்லாத நேரத்தில். அதிர்வுக்கும் இரைக்கும் உள்ள தொடர்பைப் பிடித்துக்கொண்டவை இரையிலிருந்து அதிகச் சத்தை உறிஞ்சின, வேகமாக வளர்ந்தன, மற்றவற்றுக்கு முன்பே கூட்டுப்புழுவாக மாறின. மண்ணுக்குள் இருக்கும் நாள் குறைந்தால், அது வேறு எதற்காவது இரையாகும் ஆபத்தும் குறையும். காலடி அதிர்வைக் கேட்டுக் காத்திருக்கக் கற்றுக்கொண்ட குழிநரிக்கு, மீட்க வருகிறவளின் காலடியும் ஓர் அதிர்வுதான்.